கோயாவின் சுவரை உரித்தவர்: சல்வதோர் மார்த்தினெஸ் குபெல்ஸ்

1874 நவம்பரில் ஓர் இரவு. ஸ்பெயினின் செவில்லாப் பேராலயத்துக்குள் புகுந்த திருடர்கள் ஸ்பானிய ஓவியர் முரில்லோவின் பிரம்மாண்டமான ஓவியத்திலிருந்து புனித அந்தோனியாரின் உருவத்தை மட்டும் கத்தியால் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டில்தான் மாட்ரிட் நகருக்கு வெளியே, மன்சனாரெஸ் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு பழைய வீட்டில், பிரான்சிஸ்கோ கோயா சுவரோடு சுவராக வரைந்துவைத்த 14 ஓவியங்களை உரித்தெடுக்கும் வேலையும் தொடங்கியது. அறுபட்டுப் போனதை ஒட்டவைப்பது ஒரு வேலை, ஒட்டியிருப்பதைப் பிரித்தெடுப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே மனிதரின் கைக்கு வந்தன. அவர் பெயர் சல்வதோர் மார்த்தினெஸ் குபெல்ஸ். அப்போது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை.

கோயாவின் இந்தப் பதினான்கையும் 'கருப்பு ஓவியங்கள்' என்பார்கள். அவற்றைப் பற்றித் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். தன் பிள்ளையைக் கடித்துத் தின்னும் ரோமானியக் கடவுள் சட்டர்னின் முகத்தை எங்காவது பார்த்திராதவர்கள் குறைவு. ஆனால் அந்த முகம் சுவரைவிட்டு இறங்கி நம் கண்ணுக்கு எட்டும்படி வந்த கதையில் குபெல்ஸ் பெயர் ஒரு வரியில் முடிந்துபோகும். அந்த ஒரு வரியும் பெரும்பாலும் வசவாகத்தான் இருக்கும். 'கோயாவைக் கெடுத்தவர்' என்று கடந்துவிடுவார்கள். நடந்ததை அப்படிச் சுருக்கிவிட முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வலென்சியாவிலிருந்து பிராடோவுக்கு

குபெல்ஸ் 1845 நவம்பர் 9-ஆம் தேதி வலென்சியாவில் பிறந்தார். அப்பா பிரான்சிஸ்கோ மார்த்தினெஸ் யாகோ ஓவியர், கூடவே பழைய ஓவியங்களைச் சீரமைப்பவர். தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு இழைப்புளி எப்படியோ அப்படித்தான் இந்தப் பிள்ளைக்கு வார்னிஷும் பசையும் இருந்திருக்க வேண்டும். வலென்சியாவின் சான் கார்லோஸ் கலைக்கழகத்தில் முறையாகப் படித்தார். ஆனால் சீரமைப்பு வேலை அந்தக் காலத்தில் வகுப்பில் உட்கார்ந்து கற்கும் பாடம் அல்ல. பட்டறையில் பெரியவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கை பழகுவதுதான் படிப்பு.

1868 செப்டம்பரில் ஸ்பெயினில் புரட்சி வெடித்து இரண்டாம் இசபெல் அரியணையை இழந்தார். அதுவரை அரச குடும்பத்தின் சொத்தாக இருந்த மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகம் நாட்டுடைமை ஆனது. மறு ஆண்டே குபெல்ஸ் அங்கே முதன்மைச் சீரமைப்பாளராகச் சேர்ந்தார். 1895 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வெலாஸ்கெஸ், டிஷன், ரூபென்ஸ், கோயா என்று உலகம் பொறாமைப்படும் ஒரு தொகுப்பின் உடல்நலம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் பார்வையில் இருந்தது. 1872-இல் திரினிதாத் அருங்காட்சியகத்தின் ஓவியங்களும் பிராடோவோடு சேர்ந்துகொண்டன. கலைக்கப்பட்ட மடங்களிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட படங்கள் அவை. வேலைக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

செவிடன் வீடு

கோயா 1819 பிப்ரவரியில், தன் 72-ஆவது வயதில், 60,000 ரெயால் கொடுத்து அந்த வீட்டை வாங்கினார். செகோவியா பாலத்தைத் தாண்டி, சான் இசித்ரோ சிற்றாலயத்துக்குப் பக்கத்தில், தோட்டமும் விளைநிலமும் சூழ்ந்த வீடு. 'கின்தா தெல் சோர்தோ', அதாவது செவிடன் வீடு என்று ஊரார் சொல்வார்கள். 1790-களின் தொடக்கத்தில் வந்த கடும் நோயில் கோயாவும் கேட்கும் திறனை இழந்தவர்தான். ஆனால் அந்தப் பெயர் அவரால் வந்தது அல்ல. முன்பு அங்கே இருந்தவருக்கும் காது கேளாதாம், அவரால் வந்த பெயர்.

1820-க்கும் 1823-க்கும் இடைப்பட்ட காலத்தில் கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் இருந்த இரண்டு அறைகளின் சுவர்களில் இந்த ஓவியங்களை அவர் வரைந்தார். யாரும் கேட்டு வரைந்தவை அல்ல, யாருக்கும் விற்க வரைந்தவையும் அல்ல. அவர் தலைப்பு எதுவும் வைக்கவில்லை. இன்று நாம் சொல்லும் பெயர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் சூட்டியவை. 1823 செப்டம்பரில் வீட்டைப் பேரன் மரியானோவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு பிரான்சுக்குப் போனார். 1828-இல் போர்தோ நகரில் இறந்தார். ஓவியங்கள் சுவரிலேயே இருந்தன.

சீரமைப்பாளரின் கண்ணோடு பார்த்தால் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முறையான ஃபிரெஸ்கோ என்றால் ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல் நிறத்தைத் தீட்டுவார்கள். பூச்சு இறுகும்போது நிறம் அதற்குள்ளேயே அடைபட்டுக் கல்லோடு கல்லாகிவிடும். கோயா அப்படிச் செய்யவில்லை. காய்ந்த பூச்சின் மேல், பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியிருந்தார். அப்படித் தீட்டிய வண்ணம் சுவருக்குள் இறங்காது. மேலே ஒரு தோலாகப் படிந்து நிற்கும். சுவரில் ஈரம் ஏறினால் பொருக்கு எழும்பும், உதிரும். போதாக்குறைக்கு அடியில் இன்னொரு படமும் இருந்தது. பிராடோ பின்னாளில் எடுத்த எக்ஸ்ரே படங்களில் பல ஓவியங்களுக்கு அடியில் நிலக்காட்சிகளும் வேறு உருவங்களும் தெரிந்தன. வண்ணத்தின் மேல் வண்ணம், எல்லாம் ஒரு பலவீனமான பூச்சின் மேல். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், கவனிப்பார் இல்லாமல்.

பிராங்க்ஃபர்ட்டில் பிறந்த வங்கிக்காரர் எமில் தெர்லாஞ்சே பிரபு 1873-இல் அந்த வீட்டை வாங்கினார். சுவரோடு ஓவியங்கள் அழிவதைவிடக் கான்வாஸுக்கு மாற்றிவிடுவது மேல் என்று முடிவெடுத்து, பிராடோவின் முதன்மைச் சீரமைப்பாளரையே அழைத்தார். நாடு இருந்த நிலையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1874 ஜனவரியில் தளபதி பாவியாவின் படை நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. வடக்கே, அரியணைக்கு உரிமை கோரிய இன்னொரு அரச கிளையின் ஆதரவாளர்கள் நடத்திய கார்லிஸ்ட் போர் நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் கடைசியில் குடியரசு விழுந்து மன்னராட்சி திரும்பியது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பாழ் வீட்டில் ஒருவர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருப்பது யார் கண்ணில் பட்டிருக்கும்?

சுவரிலிருந்து துணிக்கு

சுவர் ஓவியத்தைக் கழற்ற அந்தக் காலத்தில் கைவசம் இருந்த வழி இது. முதலில் ஓவியத்தின் முகத்தில் வஜ்ஜிரம் தடவி, அதன் மேல் மெல்லிய துணியை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். நம் ஊர்த் தச்சர்கள் மரத்துக்குக் காய்ச்சுவார்களே, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் அதே வகைப் பசைதான். அது காயக் காய இறுகி வண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஓரத்திலிருந்து நீளமான தகடோ உளியோ விட்டு, பூச்சோடு சேர்த்துச் சுவரிலிருந்து மெல்ல மெல்லப் பிரிக்க வேண்டும். கழன்றதைக் குப்புறக் கிடத்தி, முதுகுப்புறக் காரையைச் சுரண்டிச் சுரண்டி முடிந்தவரை மெலிதாக்கி, அதில் புதுக் கான்வாஸை ஒட்டி, கடைசியாக முகத்துத் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுக்க வேண்டும்.

சொல்வதற்கு நான்கைந்து வாக்கியம். செய்கிறவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் கண்டம். பசை அதிகம் இறுகினால் பொருக்கு எழும்பிய வண்ணத்தைப் பிய்த்துவிடும், குறைந்தால் பிடிக்காது. முகம் முழுக்கத் துணி மூடியிருப்பதால் வேலை நடக்கும்போது ஓவியத்தைப் பார்க்கவே முடியாது. துணியைத் திறக்கும் கடைசி நாளில்தான் எது வந்தது, எது சுவரிலேயே தங்கிவிட்டது என்று தெரியும். 'சூனியக்காரிகளின் கூட்டம்', 'சான் இசித்ரோ யாத்திரை' இரண்டும் கான்வாஸான பிறகும் ஏறக்குறைய 4.4 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் உயரம். அந்த அளவுக்கு ஒரு தோலைக் கிழியாமல் கழற்றிப் படுக்கவைப்பதை நினைத்துப் பாருங்கள். குபெல்ஸ் தன் சகோதரர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு 14 ஓவியங்களையும் கழற்றினார். 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தெர்லாஞ்சே அவற்றைக் காட்சிக்கு வைத்தார். வாங்க ஆள் இல்லை. 1881-இல் ஸ்பெயின் அரசுக்கே கொடையாகக் கொடுத்துவிட்டார். இப்போது பிராடோவின் தரைத்தளத்தில் இருக்கின்றன.

புகைப்படம் சொல்லும் சாட்சி

இந்த வழக்கில் நமக்கு ஓர் அபூர்வமான சாட்சி இருக்கிறது. மாட்ரிடில் தொழில் நடத்திய பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழான் லோரான், ஓவியங்கள் இன்னும் அந்த வீட்டில் இருந்தபோதே அவற்றைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்திருக்கிறார். 1874-ஐ ஒட்டிய காலம் என்பது இப்போது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. சிலவற்றில் ஓவியத்தைச் சுற்றிச் சுவரில் ஒட்டியிருந்த அலங்காரக் காகித விளிம்புகூடத் தெரிகிறது. 1970-களில் நைஜல் கிளென்டினிங் என்ற ஆங்கில அறிஞர் இந்தப் படங்களையும் இன்றைய கான்வாஸ்களையும் ஒப்பிட்டு எழுதிய பிறகுதான், நாம் பார்ப்பது கோயா விட்டுப்போனதேதானா என்ற கேள்வி பலமானது.

நீங்களே பார்க்கலாம். இரண்டையும் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'சூனியக்காரிகளின் கூட்டம்' ஓவியத்தில் இடப்பக்கம் கருப்பு ஆட்டுக்கிடா வடிவில் சாத்தான், நடுவில் வெருண்ட கண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், வலக்கோடியில் அவர்களோடு ஒட்டாமல் நாற்காலியில் ஓர் இளம்பெண். இன்று அவள் ஓவியத்தின் விளிம்பில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். லோரான் படத்தில் அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு மீட்டருக்கும் மேல் வெற்றிடம் இருக்கிறது. அந்த இடம் கான்வாஸில் இல்லை. அவளுக்குப் பின்னால் அந்த இருட்டு இருந்தவரை அவள் தனித்து நிற்பவளாக, ஒருவேளை எழுந்து போய்விடக்கூடியவளாக இருந்தாள். இப்போது கூட்டத்தின் கடைசி ஆளாகிவிட்டாள். அந்தப் பகுதி ஈரத்தால் பாழாகிக் கழற்ற முடியாமல் போயிருக்கலாம். என்றாலும் இழப்பு இழப்புத்தான், அதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை.

'கம்புச் சண்டை' இன்னும் விசித்திரம். மண்ணுக்குள் முழங்கால்வரை புதைந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தடியால் விளாசிக்கொள்கிறார்கள். தப்பி ஓட வழியே இல்லாத சண்டை. இருபதாம் நூற்றாண்டில், உள்நாட்டுப் போருக்குப் பிறகு, ஸ்பானியர்கள் இதில் தங்கள் நாட்டையே கண்டார்கள். பத்திரிகைக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சிலும் 'முழங்கால் புதைந்த இருவர்' ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. ஆனால் லோரான் படத்தைப் பார்த்த கிளென்டினிங், கால்கள் புதைந்தது சேற்றில் அல்ல, உயரமான புல்லில் என்கிறார். அதுவே சரியென்றால் அந்த இருவரும் நினைத்தால் கம்பைப் போட்டுவிட்டு நடந்து போகலாம். சீரமைப்பில் கரைந்துபோன சில புல் கீற்றுகளிலிருந்து ஒரு நாடே தனக்கான உருவகத்தைக் கண்டெடுத்திருக்கிறது.

பிறகு 'நாய்'. எனக்கு இந்தப் பதினான்கில் மிகவும் நெருக்கமானது இதுதான். சாய்ந்த இருண்ட மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு தலை மட்டும் எட்டிப் பார்க்கிறது. மீதி எல்லாம் காவியும் மஞ்சளும் கலந்த வெறுமை. அந்த வெறுமைக்காகவே இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கள் இதைக் கொண்டாடினார்கள். ஆன்தோனியோ சவுரா இந்த நாயை வைத்தே திரும்பத் திரும்ப வரைந்தார். பழைய புகைப்படத்தில் அந்த இடம் இவ்வளவு வெறுமையாக இல்லை. நாய்க்கு எதிரே பாறைபோல ஏதோ எழுந்து நிற்கிறது. மேலே தெரியும் சிறு வடிவங்கள் பறவைகள் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பறவையைப் பார்த்து நிமிர்ந்த நாய் வேறு, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து நிமிர்ந்த நாய் வேறு. பிந்தையதைத்தான் நாம் காதலித்தோம். அந்த வானத்தில் ஒரு பகுதி குபெல்ஸ் கை வழியே வந்தது.

செவில்லாவில் ஒட்டுப்போட்டது

அறுபட்ட அந்தோனியார் என்ன ஆனார்? 1875 ஜனவரியில் நியூயார்க்கில் வில்லியம் ஷாஸ் என்ற ஓவிய வியாபாரியிடம் ஒருவர் அந்தத் துண்டை விற்க வந்தார். களவு போன செய்தி ஷாஸுக்குத் தெரியும். 250 டாலர் கொடுத்து வாங்கி, நேராக ஸ்பானியத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டார். அட்லாண்டிக்கை இரண்டு முறை கடந்த துண்டு செவில்லாவுக்குத் திரும்பியது. ஒட்டிக்கொடுக்க மாட்ரிடிலிருந்து வந்தவர் குபெல்ஸ்.

1656-இல் முரில்லோ வரைந்த அந்த ஓவியம் ஐந்தரை மீட்டர் உயரம் இருக்கும். மேலிருந்து ஒளி வெள்ளத்தில் வானதூதர்கள் சூழக் குழந்தை இயேசு இறங்கி வர, கீழே மண்டியிட்டுக் கையை நீட்டுகிறார் அந்தோனியார். நம் ஊர்க் கோயில்களில் கையில் குழந்தையோடு நிற்கும் அதே அந்தோனியார்தான். குழந்தை அவர் கைக்கு வந்து சேர்வதற்கு முந்தைய கணம் இது. மண்டியிட்ட அந்த உருவம் போய்விட்டால் இறங்கி வரும் குழந்தையை ஏந்த ஆள் இல்லை. ஓவியத்தில் ஓட்டை விழுந்ததோடு நின்றுவிடவில்லை, அதன் பொருளே போயிருந்தது.

கோயா வேலையோடு ஒப்பிட்டால் இது தெளிவான வேலை. துண்டு எங்கே உட்கார வேண்டும் என்று துண்டுக்கே தெரியும். கத்தி போன வழியே விளிம்பைப் பொருத்தி, பின்னால் புதுத் துணி தாங்க, இடைவெளியை நிரப்பி, அந்தக் கோட்டின் மேல் மட்டும் வண்ணம் தொட்டால் போதும். புதிதாக எதையும் யோசிக்கத் தேவை இல்லை, யோசிக்கவும் கூடாது. அந்த ஆண்டிலேயே ஓவியம் தன் சிற்றாலயத்துக்குத் திரும்பியது. இன்றும் அங்கேயே இருக்கிறது.

தூரிகை தனக்காகவும்

இவ்வளவுக்கும் நடுவே அவர் தன் சொந்த ஓவியங்களையும் விடவில்லை. அந்தக் காலத்து ஸ்பெயினில் ஓவியன் என்று பேர் வாங்க வேண்டுமானால் வரலாற்றுக் காட்சிகளைச் சுவரளவு பெரிதாக வரைந்து தேசியக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். குபெல்ஸும் அனுப்பினார். 'இளவரசர் ஹுவானின் கல்வி' 1877-இல் வந்தது, அதாவது கோயாவின் காரையைச் சுரண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில். மாட்ரிடில் சான் பிரான்சிஸ்கோ எல் கிராந்தே ஆலயத்தின் அலங்கார வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1891-இல் சான் பெர்னாந்தோ கலைக்கழகம் அவரை உறுப்பினராக்கியது. மகன் என்ரிகேவும் ஓவியராகி, கடலையும் மீனவர்களையும் வரைந்து அப்பாவைவிடப் பெயர் பெற்றார்.

சொந்த ஓவியங்களில் நின்று பார்க்க வேண்டியது 1887-இன் 'தோன்யா இனெஸ் தெ காஸ்த்ரோ'. 1355-இல் கொலையுண்ட தன் காதலியை, போர்ச்சுகல் மன்னர் பெத்ரோ தான் அரியணை ஏறியதும் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து, அரசி உடை உடுத்தி அமரவைத்து, அரசவையையே வணங்க வைத்தார் என்பது பழைய கதை. குபெல்ஸ் அந்தக் கணத்தை வரைந்திருக்கிறார். முடி சூட்டிய பிணம், அதன் முன் பணியும் பிரபுக்கள். வரைந்த விதம் அந்தக் காலத்து நடப்புத்தான், அடக்கமும் நேர்த்தியும் கொண்டது, கோயாவின் வெறி அதில் ஒரு துளிகூட இல்லை. ஆனால் புதைந்ததைத் தோண்டி எடுத்து, உடைந்ததை மறைத்து, ஊர் பார்க்க நிமிர்த்தி உட்காரவைக்கும் வேலையையே தொழிலாகக் கொண்டவர் எத்தனையோ வரலாற்றுக் கதைகளில் இதைத் தேர்ந்தெடுத்தார். அதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தீர்ப்பு எப்படி எழுதுவது

இன்றைய சீரமைப்பாளர் ஓட்டை விழுந்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்ப மாட்டார். 1939-இல் ரோமில் தொடங்கிய மத்தியச் சீரமைப்பு நிறுவனத்தில் வளர்ந்த முறைப்படி, நிரப்பிய இடம் தூரத்தில் கண்ணை உறுத்தாது. கிட்டே போனால் மெல்லிய கோடுகளாகத் தனியே தெரியும். வேண்டாம் என்றால் பின்னால் வருபவர் அதை நீக்கவும் முடியும். செய்வதற்கு முன்னும் பின்னும் ஆவணம் உண்டு. இந்த அளவுகோலை எடுத்து 1874-இன் மேல் வைத்தால் குபெல்ஸ் தோற்பார். அவர் காலத்துச் சீரமைப்பாளர், படத்தைப் பார்க்க வருபவருக்கு முழுதாக ஒன்றைக் காட்டுவதே தன் கடமை என்று நினைத்தவர். அப்படி நினைக்கத்தான் அவருக்கும் அவர் அப்பாவுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

ஆனால் அவரை நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி, சுவரில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான். அந்த வீட்டை 1909-இல் இடித்துவிட்டார்கள். கழற்றாமல் விட்டிருந்தால் அதற்கு முன்பே ஈரம் பாதியைத் தின்றிருக்கும். நமக்கு மிஞ்சியிருக்கக்கூடியது லோரானின் கண்ணாடித் தகடுகள் மட்டுமே. நிறமே இல்லாத ஒரு சட்டர்ன், மங்கலான ஒரு நாய்.

அதனால் என் நிலைப்பாடு இது. இந்த 14 ஓவியங்களுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று சொல்ல மாட்டேன், அது கோயாவுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அந்தக் காவி வானத்தையும் அந்த முழங்கால் சேற்றையும் வைத்துக் கோயாவின் மனத்தைப் பக்கம் பக்கமாக விளக்குகிறவர்கள், தங்கள் வாதம் எந்தக் கை தீட்டிய இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓவியத்தின் பக்கத்தில் லோரான் படத்தையும் வைத்து, குபெல்ஸ் பெயரையும் எழுதினால் கோயாவின் பெருமை குறையாது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருந்த ஒரு மீட்டர் இருட்டு அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

குபெல்ஸ் 1914 ஜனவரி 21-ஆம் தேதி மாட்ரிடில் இறந்தார். செவில்லாவில் அந்தோனியார் சிற்றாலயத்துக்குப் போகிறவர்களிடம், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து ஓவியத்தின் மேல் வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில் நின்று பார்க்கச் சொல்வார்கள். மண்டியிட்டவரைச் சுற்றிக் கத்தி போன தடம் மெல்லத் தெரியும். குபெல்ஸ் கை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று அங்கே விரலால் காட்டலாம். மாட்ரிடில், நாயின் தலைக்கு மேலே, அப்படி ஒரு கோடு இல்லை.